ஆறு எல்க், மூன்று நாய், ஒரு படகு

ஓரிகனில் எங்கள் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போகும் இடங்களுக்கு ஒரே பட்டியல்தான். மல்ட்னோமா அருவி, போர்ட்லண்ட் ரோஜாத் தோட்டம், மவுண்ட் ஹூடில் கொஞ்சம் பனி, கேனன் பீச்சில் அந்தப் பெரிய பாறை. எல்லா வீட்டு ஆல்பத்திலும் அதே பாறைக்கு முன்னால், புடவைக்கு மேல் மகனின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி நிற்பார். அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து பசிபிக் வரை வந்த லூயிஸ்–கிளார்க் குழு ஒரு குளிர்காலத்தைக் கழித்த கிளாட்சாப் கோட்டை இந்தப் பட்டியலில் வராது. எங்கள் வீட்டுக்குள் அது மகனால் வந்தது. இங்கே நாலாம் வகுப்பில் மாநில வரலாறு உண்டு. லூயிஸும் கிளார்க்கும் வந்த பாதையில் ஏதாவது ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். என் கணவரின் அம்மாவான அத்தை தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சமயம். கேனன் பீச் போகிற வழியிலேயே இதையும் முடித்துவிடலாம் என்று என் கணவர் கணக்குப் போட்டார்.

இந்த மாதிரி இடங்களில் எனக்கு ஈடுபாடு குறைவு. இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் தோல் சட்டை போட்ட இரண்டு பேர் தூரத்தைக் கைகாட்டிக்கொண்டு வெண்கலத்தில் நிற்பார்கள், பக்கத்தில் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு ஒரு பெண். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் இடத்துக்கு ஆறு பிடித்து வந்து சேர்ந்ததற்கு இத்தனை சிலையா என்று தோன்றும். அந்த எண்ணத்தை நான் இப்போதும் முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் அங்கே போய்வந்த பிறகு என்னைத் தொந்தரவு செய்வது அந்தப் பெரிய கேள்வி இல்லை. மிகச் சின்ன ஒரு விஷயம். 1806 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் நடந்து முடிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூயிசியானா நிலப்பரப்பை வாங்கிய அதே 1803ஆம் ஆண்டில், ஜனாதிபதி ஜெஃபர்சன் தன் செயலாளர் மெரிவெதர் லூயிஸைப் பசிபிக் கடல் வரை போய்ப் பார்த்துவரச் சொன்னார். லூயிஸ் கூடத் தலைமைக்கு வில்லியம் கிளார்க்கைச் சேர்த்துக்கொண்டார். 1804 மே மாதம் கிளம்பி, 1805 நவம்பரில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்துவிட்டார்கள். குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார்கள். கிளார்க்கின் அடிமையான யார்க்கையும், கைக்குழந்தையோடு கூட வந்த சாகாகவியா என்ற ஷொஷோனி இனப் பெண்ணையும் கேட்டார்கள். இதைச் சொல்லாத வழிகாட்டிப் பலகை அங்கே கிடையாது. ஊர் திரும்பிய பிறகு சிப்பாய்களுக்கெல்லாம் இரட்டைச் சம்பளமும் 320 ஏக்கர் நிலமும் கிடைத்ததையும், யார்க்குக்கு எதுவும் கிடைக்காததையும், விடுதலை கேட்டபோது கிளார்க் பல வருஷம் மறுத்ததையும் நாமே தேடிப் படித்தால்தான் உண்டு.

நகலுக்கு நகல்

கோட்டை என்றதும் அத்தை மனதில் செஞ்சியோ வேலூரோ இருந்திருக்க வேண்டும். வாசலில் நின்று பார்த்தவர், “இதுதான் கோட்டையா? நம்ம ஊர் நெல் குடோன் இதைவிடப் பெரிசா இருக்குமே” என்றார். உண்மைதான். 50 அடிக்கு 50 அடி. எதிரெதிராக இரண்டு வரிசை மர அறைகள், நடுவில் ஒரு முற்றம், முன்னும் பின்னும் மரக்கழி வேலி, ஒரு வாசல். இதற்குள் கைக்குழந்தையையும் சேர்த்து 33 பேர் டிசம்பரிலிருந்து மார்ச் வரை இருந்திருக்கிறார்கள்.

நாங்கள் பார்த்த கட்டடத்துக்கு அந்த 33 பேரோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அசல் கோட்டை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மக்கி மண்ணாகிவிட்டது. 1955இல் உள்ளூர் மக்கள் சேர்ந்து ஒரு நகலைக் கட்டினார்கள். 2005 அக்டோபரில், இருநூறாவது ஆண்டு விழா நெருங்கிய நேரத்தில், ஓர் இரவில் அது எரிந்து போனது. இப்போது நிற்பது அடுத்த வருஷம் கட்டிய இரண்டாவது நகல். கிளார்க் தன் குறிப்பேட்டின் எல்க் என்ற பெரிய மானின் தோல் அட்டையில் போட்டுவைத்த தரைப்படம்தான் இதற்கு ஆதாரம். அகழாய்வாளர்கள் பலமுறை தோண்டியும் அசல் கோட்டை நின்ற இடம் இதுதான் என்று சொல்ல ஒரு தடயமும் சிக்கவில்லை. மகனுக்கு இதைக் கேட்டதும் ஏமாற்றம். “அப்ப இது டூப்பா?” என்றான். அத்தைக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தால் பழைய கோயில் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டார். அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது, ஆனால் அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் என் கணவருக்கும் இல்லை.

நாங்கள் போன அன்று மழை. அங்கே மழை இல்லாத நாளில் போனால்தான் அது தவறான தரிசனம். அவர்கள் அங்கே இருந்த 106 நாளில் மழை பெய்யாதது 12 நாள்தான். அதிலும் வெயில் அடித்தது ஆறு நாள். இந்தக் கணக்கைப் பூங்காவில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறைக்குள் போய் நின்றால்தான் அதன் அர்த்தம் ஏறுகிறது. கணப்பில் எரியும் ஈர விறகின் புகை, இடுக்குகளில் நிற்கும் இருட்டு, பலகைக் கட்டிலில் விரித்திருக்கும் தோல். உடுப்பு அழுகியது, தெள்ளுப்பூச்சி தூங்க விடவில்லை, குளிர்காலம் என்ற பெயரே தவிர இறைச்சி கெடாமல் இருக்கும் அளவுக்குக் குளிரவில்லை. கிறிஸ்துமஸ் விருந்து என்னவென்று கிளார்க் எழுதியிருக்கிறார்: கெட்டுப்போன எல்க் இறைச்சி, கெட்டுப்போன இடித்த மீன், கொஞ்சம் கிழங்கு. வேறு வழியில்லாமல்தான் சாப்பிட்டோம் என்கிறார்.

சாகசம் என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் இந்த மாதிரிக் காத்திருப்புதான் போலிருக்கிறது. மூன்றரை மாதம் அவர்கள் செய்தது தோல் பதப்படுத்துவது, செருப்பு தைப்பது, நாட்குறிப்பைப் படி எடுப்பது, மழை நிற்கப் பார்த்துக்கொண்டிருப்பது. 300 ஜோடிக்கு மேல் தோல் காலணி தைத்து வைத்திருந்தார்கள் என்று காஸ் என்ற சார்ஜென்ட் எண்ணி எழுதியிருக்கிறார். வேலை இல்லாத சிப்பாய்களைச் சும்மா இருக்க விடாமல் பார்த்துக்கொள்வதற்கும் அது உதவியிருக்கும்.

யார் சோறு போட்டது

அத்தை தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அறுவடைக் காலத்தில் ஒரே வேளைக்கு முப்பது பேருக்குச் சமைத்தவர். அதனால் 33 என்ற எண்ணைக் கேட்டதுமே அவர் கேள்வி வேறு பக்கம் போனது. “இத்தனை பேருக்கு யாரு சோறு போட்டா?” என்றார். தோல் சட்டை போட்டுக்கொண்டு மெழுகுவத்தி வார்த்துக் காட்டிக்கொண்டிருந்த ரேஞ்சர் பெண்ணிடம் நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, இங்கே வருபவர்கள் வழக்கமாகத் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்றார்.

வேட்டைதான் முதல் பதில். டிசம்பர் முதல் மார்ச் 20 வரை 131 எல்க், 20 மான் என்று அதே காஸ் கணக்கு வைத்திருக்கிறார். எல்க் என்பது நம் கடமானைவிடவும் பெரிய உருப்படி. ஆனாலும் கடுமையாக உழைக்கும் ஆட்களுக்குக் கொழுப்பில்லாத அந்த இறைச்சி போதவில்லை. மீதியை நிரப்பியவர்கள் அந்த மண்ணின் மக்களான கிளாட்சாப்புகளும், வடகரையிலிருந்த சினூக்குகளும், ஆற்றின் மேல்பக்கத்துக் காத்லாமெட்டுகளும். வப்பட்டோ என்ற சேற்றுக்கிழங்கு, உலர்ந்த மீன், பெர்ரிப் பழம், உணவுக்காக நாய், பிப்ரவரி கடைசியில் ஆற்றில் ஏறிய யூலகான் என்ற கொழுப்பு மீன். அந்த மீனை லூயிஸ் தன் நாட்குறிப்பின் பக்கத்திலேயே, எழுத்துக்கு நடுவே, செதில் செதிலாக வரைந்திருக்கிறார். சாப்பிட்டதிலேயே இதுதான் ருசி என்று சொல்லும் அளவுக்குப் பிடித்துவிட்டது. நாய் விஷயத்தை அத்தையிடம் சொல்லாமல் தாண்டிவிடப் பார்த்தேன். மகன் சொல்லிவிட்டான். அதன்பிறகு அவர் அந்த அறையில் எதையும் தொடவில்லை.

அங்கே விற்ற மக்களும் நாம் பாடப்படங்களில் பார்க்கிற, கண்ணாடி மணிக்கு வாய்பிளக்கும் ஆட்கள் இல்லை. 1792இல் ராபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டன் ஆற்றுக்குள் நுழைந்து தன் கப்பலின் பெயரையே ஆற்றுக்கு வைத்துவிட்டுப் போனதிலிருந்து, வருஷா வருஷம் வணிகக் கப்பல்கள் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தன. எந்தத் தோலுக்கு என்ன விலை, எந்தக் கேப்டன் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. துப்பாக்கி, வெடிமருந்து, கத்தி, அரம் முதலிய சொற்களை ஆங்கிலத்திலேயே சொன்னார்களாம். கூடவே மாலுமிகளிடம் கற்ற கெட்ட வார்த்தைகள் இரண்டும். லூயிஸ் அதையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார். நீல மணிக்குத்தான் அங்கே மதிப்பு, வெள்ளை இரண்டாம் தரம், சிவப்பை யாரும் சீந்தவில்லை. பேரத்தில் விடாக்கண்டர்கள் என்று அலுத்துக்கொள்கிறார். பிப்ரவரியில் கிளாட்சாப் பெண்கள் இருவர் தொப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். முன்கூட்டியே தலைக்கு அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன தொப்பிகள். தேவதாரு நாரும் புல்லும் வைத்து மழை இறங்காதபடி பின்னியது. கச்சிதமாகப் பொருந்தியது என்கிறார் லூயிஸ். இரண்டு தலைவர்களும் உள்ளூர்க்காரி பின்னிய தொப்பியோடு மழையில் நிற்கும் சிலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு அங்கே பிடித்தது சாகாகவியாதான். ஜனவரியில் கடற்கரையில் திமிங்கிலம் ஒதுங்கிய செய்தி வந்ததும் கொழுப்பு வாங்கக் கிளார்க் ஆட்களோடு கிளம்புகிறார். இவ்வளவு தூரம் நடந்து வந்தும் நான் இன்னும் அந்தப் பெருங்கடலைப் பார்க்கவில்லை, இப்போது அந்தப் பெரிய மீனும் வந்திருக்கிறது, அதையும் பார்க்கக் கூடாதென்றால் எப்படி என்று அவள் விடாமல் கேட்டு, பதினோரு மாதக் குழந்தையோடு போய்விட்டாள். “கேட்டு வாங்கியிருக்கா பாரு” என்று அத்தை இரண்டு தரம் சொன்னார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஊர்க்காரர்கள் சதையை எடுத்துவிட்டார்கள், எலும்புக்கூடுதான் மிச்சம். 300 பவுண்ட் கொழுப்பைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்தார்கள்.

மார்ச் 17 முதல் 24 வரை

அன்று இரவு சீசைடில் ஒரு மோட்டலில் தங்கினோம். மழையால் கடற்கரைப் பக்கம் போக முடியவில்லை. பூங்காக் கடையில் நாட்குறிப்புகளின் சுருக்கப் பதிப்பு வாங்கியிருந்தேன். மகனுடைய வேலைக்கு ஆகுமே என்றுதான். அத்தைக்குத் தூக்கம் வரவில்லை. “அப்புறம் எப்படிக் கிளம்பினாங்கன்னு படிச்சுச் சொல்லேன்” என்றார். கடைசி மாதத்தைப் பிரித்து, படிக்கப் படிக்கத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

கிளம்பும் நேரத்தில் அவர்களிடம் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. இருக்கிற சில்லறைச் சரக்கு முழுவதும் இரண்டு கைக்குட்டைக்குள் அடங்கிவிடும் என்று மார்ச் 16 அன்று லூயிஸ் எழுதுகிறார். மீதி சில அங்கிகள், ஒரு பழைய ராணுவக் கோட்டு, தொப்பி. பெரிய கொடியைக் கிழித்துத் தைத்த அங்கியும் அதில் அடக்கம். இதை வைத்துக்கொண்டு ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு, மலை தாண்டி, செயின்ட் லூயிஸ் வரை போக வேண்டும். அதற்குப் படகு வேண்டும். 17ஆம் தேதி லூயிஸ் தன் சரிகை வைத்த சீருடைக் கோட்டையும் கொஞ்சம் புகையிலையையும் கொடுத்துக் காத்லாமெட்டுகளிடம் ஒரு படகு வாங்குகிறார். இவர்களிடம் படகுக்கு ஒரு மனைவிக்குச் சமமான மதிப்பு, பெண் எடுக்கும்போது மாமனாருக்குப் படகுதான் கொடுப்பார்கள் என்று அதே இடத்தில் குறிக்கிறார். அதன் மதிப்பு என்னவென்று தெரிந்துகொண்டுதான் அடுத்த வரியை எழுதுகிறார்: இன்னொரு படகும் வேண்டும், கிளாட்சாப்புகள் நமக்குக் கட்டுப்படியாகும் விலைக்குத் தரமாட்டார்கள், அதனால் குளிர்காலத்தில் நம்மிடமிருந்து அவர்கள் திருடிய ஆறு எல்க்குக்கு ஈடாக ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அடுத்த நாள் நாலு பேர் போய் எடுத்தும் வந்துவிட்டார்கள். இதைச் சொல்வது ஆர்ட்வே என்ற சார்ஜென்டின் நாட்குறிப்பு. கொண்டுவந்த படகைக் கோட்டைக்குப் பக்கத்தில் மறைத்து வைத்தார்கள். காரணம், கிளாட்சாப் தலைவர் கோபவே அப்போது கோட்டைக்குள்ளேதான் இருந்தார். பார்த்துவிட்டுப் போக வந்தவர். அன்றிரவு அங்கேயே தங்கவும் செய்தார்.

19ஆம் தேதி அந்தக் கோபவேக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் இங்கிருந்தவரை இவர் நல்லபடியாக நடந்துகொண்டார், எங்களோடு நட்பாகப் பழகினார் என்று.

இந்த இடத்தில் என் கணவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “கான்டக்ட் சர்டிஃபிகேட்டா?” என்றார். ஆமாம், நம் ஊரில் பள்ளி மாறும்போது வாங்குவோமே, அதேதான். அவரிடமிருந்து படகைத் திருடி ஒளித்துவைத்துவிட்டு, அவருடைய நடத்தைக்குச் சான்று.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “அந்த ஆறு மான் கதை என்னன்னு பாரு” என்றார். நானும் பின்னோக்கிப் புரட்டினேன். பிப்ரவரி தொடக்கத்தில் வேட்டைக்காரர்கள் சுட்டுக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்த எல்க்குகளின் இறைச்சியைக் கிளாட்சாப்புகள் எடுத்துப்போயிருந்தார்கள். பிப்ரவரி 12ஆம் தேதிக் குறிப்பில் வருகிறது அடுத்த பகுதி: அந்த எல்க்குக்கு ஈடாக மூன்று நாய்களைக் கொண்டுவந்து கொடுத்தான் ஒரு கிளாட்சாப் ஆள். ஆனால் நாய்கள் மிரண்டு ஓடிவிட்டன.

அதாவது கடன் அடைந்துவிட்டது. ஒரு மாதம் முன்பே, கடன்பட்டவனே வீடு தேடிவந்து அடைத்துவிட்டான். இந்தப் பக்கம் வாங்கியவனுக்குப் பிடித்துக்கட்டத் தெரியவில்லை. அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். “சந்தையில கயித்தைக் கையில குடுத்தாச்சுன்னா அதோட சரி. அப்புறம் மாடு அத்துக்கிட்டு ஓடினா அது வாங்கினவன் பாடு. வித்தவன் வீட்டுல போய் இன்னொரு மாட்டை அவுத்துட்டு வர முடியுமா?”

எல்க்கே யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. கிளாட்சாப் காட்டில் கிளாட்சாப் மண்ணில் மேய்ந்த மிருகம். 131ஐச் சுட்டவர்கள் ஆறைத் தங்களிடமிருந்து திருடியதாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாதத்துக்குப் போகவே தேவையில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுடைய சொந்தக் கணக்குப்படி, அவர்கள் கையாலேயே எழுதியபடி, பாக்கி எதுவும் இல்லை.

மீதியையும் படித்தேன். 22ஆம் தேதி கோபவே மறுபடி வருகிறார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எவரையும்விட எங்களிடம் அன்பாகவும் விருந்தோம்பலோடும் நடந்துகொண்டவர் இவர்தான் என்று எழுதிவிட்டு, கோட்டையையும் அதிலிருந்த சாமான்களையும் அவருக்கே விட்டுப்போகிறார் லூயிஸ். அவருடைய மண்ணில் அவருடைய மரத்தில் கட்டியதை அவருக்கே தானமாக. 23ஆம் தேதி மதியம் கிளம்புகிறார்கள். அடுத்த நாளே கொலம்பியா ஆற்றுத் தீவுகளுக்கு நடுவில் வழி தப்பிப் போகிறார்கள். பின்னாலேயே வந்த ஒரு உள்ளூர் ஆள் அவர்களைப் பிடித்து, நீங்கள் போவது தவறான கால்வாய் என்று சொல்லிச் சரியான வழியில் திருப்பிவிடுகிறான். திருப்பிவிட்ட பிறகு, அந்தச் சின்னப் படகு என்னுடையது என்கிறான்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் படகைத் திருடிக்கொண்டு போகிறவர்கள் வழிதெரியாமல் சுற்றுகிறார்கள். முதலில் வழியைக் காட்டிவிட்டு அப்புறம் படகைக் கேட்கிறான் அவன். ஒரு எல்க் தோல் கொடுத்தார்கள், மனமுவந்து வாங்கிக்கொண்டு போனான் என்று முடிகிறது குறிப்பு. முப்பது பேர் துப்பாக்கியோடு இருக்கும் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்பவனின் மனம் எப்படி உவந்திருக்கும் என்று லூயிஸ் எழுதவில்லை.

ஒப்புக்கொள்ளாதவர்

என் கணவருக்கும் எனக்கும் இதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவர் சொல்வது இது: பட்டினி கிடப்பவன், நாலாயிரம் மைல் திரும்பிப் போக வேண்டியவன், கையில் காசில்லாதவன். ஒரு படகை எடுத்துக்கொண்டான். துப்பாக்கி இருந்தும் பிடுங்காமல் அத்தனை மாதம் விலைகொடுத்து வாங்கினானே, அதை ஏன் பேசமாட்டேன் என்கிறாய்? அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவர்களுக்கு முன்னும் பின்னும் அந்தக் கண்டத்தில் நடந்ததைப் பார்த்தால், கிளாட்சாப் கோட்டையின் குளிர்காலம் மிக மரியாதையான ஒன்று. ஒரு சண்டை இல்லை, ஒரு கொலை இல்லை. ஒருவேளை அதனால்தான் இந்தப் படகு இவ்வளவு துருத்திக்கொண்டு தெரிகிறதோ என்னவோ.

ஆனால் எனக்குப் படகைவிட அந்தச் சாக்குதான் பெரிதாகப் படுகிறது. தேவை இருந்தது, எடுத்தோம் என்று லூயிஸ் எழுதியிருந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். ஆர்ட்வே கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதுகிறார். லூயிஸ் படித்தவர், ஜனாதிபதியின் செயலாளராக இருந்தவர். அவருக்கு ஒரு பழைய வரவுசெலவு தேவைப்படுகிறது. தீர்ந்துபோன கணக்கைத் திறந்து, எதிராளியின் பெயரில் பாக்கி எழுதி, அதை வசூல் செய்வதுபோல் செய்கிறார். பிறகு வந்த ஐம்பது வருஷத்தில் அந்த ஆற்றங்கரையில் நடந்த எல்லாவற்றுக்கும் இதே எழுத்து நடையைப் பார்க்கலாம். 1830களில் மலேரியா வந்து கீழ்க்கொலம்பியா மக்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. 1851இல் டான்சி பாயின்ட்டில் மிச்சமிருந்தவர்களோடு ஒப்பந்தங்கள் போட்டார்கள். அமெரிக்க செனட் அவற்றை ஏற்று உறுதிசெய்யவே இல்லை. நிலம் மட்டும் கைமாறிவிட்டது.

மறுநாள் காலை மழை விட்டதும் சீசைடில் உப்புக் காய்ச்சிய இடத்தைப் பார்க்கப் போனோம். இறைச்சி கெடாமல் இருக்கவும், முக்கியமாக லூயிஸின் நாக்குக்காகவும், அங்கே ஐந்து கெட்டில்களில் இரவும் பகலும் கடல்நீரைக் காய்ச்சினார்கள். கிளார்க்குக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லையாம். உப்பில்லாமல் ஒரு மனுஷன் எப்படி என்று அத்தைக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. இன்று அது வீடுகளுக்கு நடுவில், கார் ஷெட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் இடையில், வேலி போட்ட ஒரு கல் அடுப்பு. கோட்டையைப்போல இதுவும் தொலைந்துபோயிருக்க வேண்டியது. 1900ஆம் ஆண்டு வாக்கில் ஓரிகன் வரலாற்றுச் சங்கத்தார் தேடிவந்தபோது, ஜென்னி மிஷெல் என்ற முதிய கிளாட்சாப் பெண், வெள்ளைக்காரர்கள் தண்ணீர் காய்ச்சியதைத் தன் அம்மா பார்த்திருக்கிறாள், இடம் இதுதான் என்று காட்டினார். கோட்டை இருந்த இடத்தைப் பற்றி அப்போது சாட்சி சொன்னவர்களில் கோபவேயின் பேரனும் ஒருவர். அத்தனை பேர் உட்கார்ந்து எழுதிய நாட்குறிப்புகளை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாததை ஒரு அம்மா மகளிடம் சொல்லிவைத்தது காட்டிக்கொடுத்திருக்கிறது. இந்தச் செய்தி அங்கே பலகையில் இருக்கிறது. நின்று படிப்பவர்கள் குறைவு.

வீட்டுக்கு வந்தபிறகு நான் மேற்கொண்டு படித்ததில்தான் மனம் ரொம்பவே கசந்துபோனது. கிளாட்சாப்புகளும் கீழ்ச் சினூக்குகளும் இன்னும் மூன்று இனத்தவரும் சேர்ந்ததுதான் இன்றைய சினூக் இந்திய நாடு. ஒரு பழங்குடியாகக் கூட்டாட்சி அரசு ஒப்புக்கொண்டால்தான் அவர்களுக்கு மருத்துவ வசதி, கல்வி உதவி, நில உரிமை எதுவும். பல பத்தாண்டு கேட்டுக் கேட்டு, 2001 ஜனவரியில் கிளிண்டன் அரசின் கடைசி நாட்களில் அங்கீகாரம் கிடைத்தது. 2002 ஜூலையில் லூயிஸ்–கிளார்க் இருநூறாவது ஆண்டை ஒட்டி வெள்ளை மாளிகையில் ஒரு நிகழ்ச்சி. சினூக் தலைவரையும் அழைத்திருந்தார்கள், அவரும் போயிருந்தார். அடுத்த ஓரிரு நாளில் புஷ் அரசு அந்த அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டதாகத் தகவல் வந்தது. விருந்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, பின்பக்கம் வழியாகப் பொருளை அப்புறப்படுத்துவது.

2011இல் கிளார்க்கின் வம்சாவளியினர் சிலர் முகத்துவாரத்தின் வடகரைக்குப் போய், சினூக் முறையில் செய்த ஒரு படகைச் சினூக் மக்களிடம் ஒப்படைத்தார்கள். 205 வருஷத்துக்கு முந்தைய படகுக்கு ஈடு. இதை மகனுக்குச் சொன்னபோது அவன் கேட்டது, அந்த நாய்களை யாராவது திருப்பிக் கொடுத்தார்களா என்று. பள்ளிக்கு எழுதிய கட்டுரையில் கோட்டையின் அளவு, மழை, எல்க் எண்ணிக்கை எல்லாம் எழுதிவிட்டு, மார்ச் 17 முதல் 24 வரை தேதி வாரியாக ஒரு அட்டவணை போட்டான். அதில் பிப்ரவரி 12ஐயும் முதல் வரியாகச் சேர்க்கச் சொன்னது அவன் பாட்டி. என் கணவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் பட்டினி கிடந்ததையும் ஒரு வரி எழுது, அதுதான் நேர்மை என்றார். அவன் எழுதினான். அங்கீகாரம் கேட்டுச் சினூக் மக்கள் இன்னும் வாஷிங்டனுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று என்னிடம் கேட்டான். அட்டவணைக்குக் கீழே தனியாக எழுதச் சொன்னேன்.